கறுப்புத் திரையில் அஞ்சல் படிப்பவர்களுக்கு

மும்பையின் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இன்றும் அல்பைன் நிரலில் அஞ்சல் படிக்கும் பெரியவர்களுக்கும், லாமிங்டன் ரோட்டில் வாங்கிய பழைய லேப்டாப்பில் லினக்ஸ் ஏற்றித் தாராவியில் மட் என்ற அஞ்சல் நிரலைப் பழகும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

உங்கள் இரு தரப்புக்கும் வந்திருக்கும் தொல்லை ஒன்றுதான் என்பதால் ஒரே மடலாக எழுதுகிறேன். ஜிமெயில் கணக்கை எழுத்துத் திரை நிரலில் திறக்கிறீர்கள். அஞ்சல் வருகிறது. ஒரு மணி நேரத்திலோ ஒரு வாரத்திலோ தொடர்பு அறுந்து, மறுபடி அனுமதி கேட்கிறது. வீட்டில் சொன்னால், "இதையெல்லாம் இன்னும் யாரு வெச்சிருக்காங்க, ப்ரௌசர்லயே பாத்துக்கோங்களேன்" என்கிறார்கள். பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். நிரல் பழசாகிவிட்டதால் இது நடக்கவில்லை. அஞ்சல் கணக்கைத் திறக்கும் முறை மாறியிருக்கிறது. அது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொண்டால், ஒருமுறை உள்ளே நுழைந்து மாதக்கணக்கில் அப்படியே இருக்கலாம்.

தம்பி தங்கைகளே, பக்கத்துப் பேட்டையில் இருக்கும் இந்தப் பெரியவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. அதன் தலைமை அலுவலகமான விதேஷ் சஞ்சார் பவன் இருந்தது நம் ஃபோர்ட் பகுதியில், மகாத்மா காந்தி சாலையில். படங்களோடு வலை பார்க்கும் கணக்குக்குக் கட்டணம் அதிகம். மாணவர்களுக்குக் கட்டுப்படியானது எழுத்து மட்டும் வரும் ஷெல் கணக்குதான். மோடம் கூவி முடித்து இணைப்பு கிடைத்தால், யூனிக்ஸ் கணினி ஒன்றின் கறுப்புத் திரை வரும். அஞ்சலுக்குப் பைன், வலைக்கு லிங்ஸ். மாட்டுங்காவின் வி.ஜே.டி.ஐ. போன்ற கல்லூரிகளில் படித்த ஒரு தலைமுறைக்கு மின்னஞ்சல் என்றால் அந்தத் திரைதான்.

அதற்கும் முன்னால் ஜூஹுவில் இருந்த என்.சி.எஸ்.டி. என்ற தேசிய மென்பொருள் நுட்ப மையமும் பவாய் ஐ.ஐ.டி.யும் 1980-களிலேயே தொலைபேசிக் கம்பி வழியாக அஞ்சல் பரிமாறத் தொடங்கியிருந்தன. 1986-இல் உருவான எர்னெட் வலையமைப்பின் தொடக்க உறுப்பினர்களில் இவ்விரண்டும் உண்டு. என்.சி.எஸ்.டி.யை வழிநடத்திய ஸ்ரீனிவாசன் ரமணிக்கு 2014-இல் உலக அளவிலான இணையப் புகழ் மன்றத்தில் இடம் கிடைத்தது. இந்தியாவில் மின்னஞ்சல் வேர்விட்ட ஊர்களில் நம் ஊரும் ஒன்று. அந்த வேர் முழுக்க எழுத்துத் திரையில் ஓடியது. எனவே அல்பைனைத் திறந்து உட்கார்ந்திருக்கும் பெரியவரைப் பழைய பஞ்சாங்கம் என்று யாராவது சொன்னால், எனக்குக் கோபம் வருகிறது.

பைன் 1989-இல் சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் எழுதத் தொடங்கப்பட்டது. ஐமேப் என்னும் நெறிமுறையை 1980-களின் நடுவில் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கிய மார்க் கிரிஸ்பின் பிறகு பணியாற்றியதும் அதே பல்கலைக்கழகத்தில்தான். கடிதங்கள் சர்வரில் இருக்கும். அவற்றை எந்தக் கணினியிலிருந்தும், எந்த நிரலைக் கொண்டும் படிக்கலாம். இதுதான் ஐமேப்பின் உயிர். அஞ்சல் நிறுவனம் ஒன்றாக இருக்கலாம், படிக்கும் கருவி உங்கள் விருப்பம். 1995-இல் மைக்கேல் எல்கின்ஸ் எழுதிய மட், 2007-இல் பைனின் வாரிசாக வந்த அல்பைன் இரண்டும் இந்த உரிமையின் மேல்தான் நிற்கின்றன. அல்பைனைப் பல ஆண்டுகளாக எதுவார்தோ சாப்பா பராமரித்து வருகிறார். உலகின் மிகப் பெரிய அஞ்சல் நிறுவனங்கள் விதியை மாற்றும்போதெல்லாம் அவர் ஈடுகொடுத்து நிரலைத் திருத்தி வெளியிட்டிருக்கிறார். நாம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

இத்தனை பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது. இரண்டு ஜி.பி. நினைவகம் உள்ள பழைய லேப்டாப்பில் ப்ரௌசரில் ஜிமெயிலைத் திறந்தால் மின்விசிறி இரைகிறது, கணினி திணறுகிறது. மட் அதே கணினியில் நொடியில் திறக்கும். விளம்பர அஞ்சல்களில், நீங்கள் எப்போது திறந்தீர்கள் என்று அனுப்பியவருக்குச் சொல்லும் கண்ணுக்குத் தெரியாத படம் ஒன்று ஒளிந்திருக்கும். எழுத்துத் திரை நிரல் அந்தப் படத்தைக் கொண்டுவரப் போவதே இல்லை. கை நடுங்கும் வயதில் மௌஸைச் சரியான இடத்தில் நிறுத்துவது கொடுமை, ஒற்றை எழுத்து விசை எளிது. பார்வையற்றோரின் திரைவாசிப்பானுக்கும் இந்தத் திரை தோதானது.

இனி என்ன மாறியது என்று பார்ப்போம். முன்பெல்லாம் நிரலுக்கு உங்கள் பாஸ்வேர்டைக் கொடுப்பீர்கள், அது நேரே சர்வரிடம் காட்டும். பலர் அந்தப் பாஸ்வேர்டை அமைப்புக் கோப்பிலேயே அப்பட்டமாக எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் கோப்பு வெளியே போனால் அஞ்சல் மட்டுமல்ல, படங்கள், கைபேசித் தொடர்புகள் எல்லாம் போகும். 2022 மே 30 முதல் கூகுள் தனிநபர் கணக்குகளில் இந்த வழியை மூடியது. மைக்ரோசாஃப்டின் அவுட்லுக் தனிநபர் கணக்குகளில் 2024 செப்டம்பர் 16-இல் மூடப்பட்டது. மூடியதில் எனக்கு மறுப்பில்லை. அந்தப் பழக்கம் ஆபத்தானது. மாற்றாக வந்த ஓ-ஆத் முறை 2012-லேயே தரப்படுத்தப்பட்டது, நன்கு யோசித்துச் செய்யப்பட்டது.

ஓ-ஆத் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நம் லோக்கல் ரயில் நிலையத்துக்கே வாருங்கள். ஏ.டி.வி.எம். டிக்கெட் இயந்திரத்தில் ஸ்மார்ட் கார்டை வைத்தால் டிக்கெட் அச்சாகும். வண்டியில் டிக்கெட் பரிசோதகர் கேட்டால் காட்டுவது டிக்கெட்டைத்தான், கார்டை அல்ல. டிக்கெட் சீக்கிரம் காலாவதியாகும். கார்டு உங்களிடமே இருக்கும், அடுத்த டிக்கெட் எடுக்க உதவும். ஓ-ஆத்தில் அந்த டிக்கெட்டின் பெயர் அணுகல் டோக்கன், ஆயுள் வழக்கமாக ஒரு மணி நேரம். கார்டின் பெயர் புதுப்பிப்பு டோக்கன். முதல் முறை ப்ரௌசரில் "ஆம், இந்த நிரல் என் அஞ்சலைப் படிக்கலாம்" என்று நீங்கள் சம்மதித்ததும் இரண்டும் கிடைக்கின்றன. பிறகு நிரல் தானாகவே கார்டை வைத்து டிக்கெட் எடுத்துக்கொண்டே இருக்கும். உங்கள் பாஸ்வேர்ட் நிரலின் கைக்கு வருவதே இல்லை.

ஆகவே மணிக்கொரு முறை அறுந்தால், டிக்கெட் முடிந்திருக்கிறது, நிரல் புதியது எடுக்கவில்லை என்று பொருள். ஓ-ஆத் வழியாக வந்த ஐமேப் தொடர்பைக் கூகுள் டோக்கனின் ஆயுளோடு, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில், துண்டித்துவிடும். இது வழக்கமான நடைமுறை. 2020-இல் வந்த மட் 2.0 முதல், தொடர்பு அறுந்தால் தானே மறுபடி இணையும் வசதி உண்டு. அதற்கு முந்தைய பதிப்பை வைத்திருப்பவர்கள் புதுப்பித்தால் இந்தத் தொல்லையில் பாதி தீரும். மட்டோடு வரும் ஓ-ஆத் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு இணைப்பின்போதும் டோக்கனைச் சரிபார்த்துத் தேவையானால் புதுப்பித்துத் தரும். டோக்கன் கோப்பை ஜிபிஜி என்னும் குறியாக்க நிரல் கொண்டு பூட்டியும் வைக்கும்.

அல்பைன் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அனுமதி கேட்கிறது என்றால் காரணம் வேறு. பெற்ற டோக்கனை எழுதி வைக்க அதற்கு இடம் இல்லை. பாஸ்வேர்ட் கோப்பு ஒன்றை முதலில் வெறுமையாக உருவாக்கி, அல்பைனுக்கு அதன் இடத்தைக் காட்ட வேண்டும். அந்தக் கோப்பை ஒரு முதன்மைக் கடவுச்சொல்லால் பூட்டச் சொல்லி அது கேட்கும். சரி என்று சொல்லுங்கள்.

வாரத்துக்கு ஒருமுறை அறுவதுதான் பலரையும் மனம் வெறுக்க வைக்கிறது. தாராவிப் பிள்ளைகள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். ஏனென்றால் நீங்கள் சிரத்தையாக வழிகாட்டிகளைப் படித்து, கூகுள் கிளவுட் பக்கத்தில் உங்கள் பெயரில் ஒரு செயலியைப் பதிவு செய்து, சொந்தமாக அடையாள எண் வாங்குகிறீர்கள். அப்படிப் பதிவு செய்த செயலி தொடக்கத்தில் சோதனை நிலையில் இருக்கும். சோதனை நிலைச் செயலிக்குத் தரப்படும் புதுப்பிப்பு டோக்கன் 7 நாளில் செத்துவிடும். எட்டாம் நாள் பிழைச் செய்தி வருகிறது. நீங்கள் உங்கள் அமைப்புக் கோப்பில்தான் தப்பு என்று நினைத்து மறுபடி எல்லாவற்றையும் அழித்து எழுதுகிறீர்கள். கோப்பைத் தொட வேண்டாம். அதே கிளவுட் பக்கத்தில், சம்மதத் திரை அமைப்பில், செயலியைச் சோதனை நிலையிலிருந்து வெளியீட்டு நிலைக்கு மாற்றுங்கள். பிறகு ஒருமுறை மறுபடி சம்மதம் கொடுங்கள். "இந்தச் செயலியைக் கூகுள் சரிபார்க்கவில்லை" என்று ஒரு எச்சரிக்கை வரும். அந்தச் செயலி நீங்களேதான், உங்கள் அஞ்சலை நீங்களே படிக்கப் போகிறீர்கள், எனவே கடந்து போகலாம். சொந்தப் பயன்பாட்டுக்கான செயலிக்கு முறையான சரிபார்ப்பு தேவையில்லை என்று கூகுளின் விதியே சொல்கிறது.

இந்த ஏழு நாள் விஷயத்தில் கூகுள்மீது எனக்கு வருத்தம் உண்டு, மறைக்க விரும்பவில்லை. தன் சொந்தக் கடிதங்களைத் தான் விரும்பும் நிரலில் படிக்க விரும்பும் பதினெட்டு வயதுப் பெண், மென்பொருள் நிறுவனம் நடத்துபவர் நுழையும் வாசல் வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது. முழுச் சரிபார்ப்பு வேண்டுமானால் இணையதளம், தனியுரிமைக் கொள்கை, செயல்விளக்கக் காணொளி எல்லாம் கேட்பார்கள். ஒரு நபர், ஒரு கணக்கு, ஒரு கணினி என்று பதிவு செய்ய எளிய வாசல் ஒன்று வேண்டும். அது வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.

குறுக்குவழி ஒன்று சுற்றிவருகிறது. தண்டர்பேர்ட் என்ற அஞ்சல் நிரலின் அடையாள எண்ணை எடுத்து மட்டில் போட்டுக்கொள்வது. உடனே வேலை செய்யும் என்பது உண்மை. ஆனாலும் வேண்டாம் என்பேன். இன்னொரு நிரலின் பெயரைச் சொல்லி உள்ளே நுழைகிறீர்கள். அந்த எண்ணுக்கு ஏதாவது கட்டுப்பாடு வந்த அன்று உங்கள் அஞ்சலும் நிற்கும்.

பெரியவர்களே, கிளவுட் பக்கம், பதிவு, சம்மதத் திரை என்பதெல்லாம் கேட்கவே அலுப்பாக இருந்தால் உங்களுக்கு வேறு வழி இருக்கிறது. கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு, செயலிக் கடவுச்சொல் ஒன்றைக் கேட்டால் கூகுள் 16 எழுத்தில் ஒன்று தரும். அதை அல்பைனில் பாஸ்வேர்டாகக் கொடுத்தால் போதும். ஏழு நாள் பிரச்சினையும் இல்லை, மணிக்கணக்குப் பிரச்சினையும் இல்லை. ஐமேப் தொடர்பு ஏறக்குறைய ஒரு நாள் வரை நீடிக்கும், பிறகு நிரல் தானே இணைந்துகொள்ளும். யாஹூவும் இவ்வகைக் கடவுச்சொல்லைத் தருகிறது. அவுட்லுக் கணக்குக்கு மட்டும் இது உதவாது, அங்கே ஓ-ஆத்தான். ஒரு எச்சரிக்கை: அந்தப் பதினாறு எழுத்து உங்கள் அஞ்சல் முழுவதையும் திறக்கும், அதற்குக் காலாவதி கிடையாது. டைரியின் பின்னட்டையில் எழுதி வைக்காதீர்கள். பூட்டிய கோப்பில் வையுங்கள். தொலைந்தால் கணக்குப் பக்கத்தில் போய் அதை மட்டும் ரத்து செய்து இன்னொன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், வீட்டில் ஒரே கணினி, ஒருவரே பயன்படுத்துவது என்றால் செயலிக் கடவுச்சொல் போதும். ஒரே லேப்டாப்பை வீட்டில் நாலு பேர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் தாராவி வீடுகளில் ஓ-ஆத்தும் ஜிபிஜியும்தான் நல்லது. ஆளுக்கொரு லினக்ஸ் பயனர் கணக்கும் கட்டாயம் வேண்டும். ஜெராக்ஸ் கடைக் கணினியில் எதையும் சேமிக்கவே கூடாது.

கணக்கின் முதன்மைப் பாஸ்வேர்டை மாற்றினால் எல்லா டோக்கனும், செயலிக் கடவுச்சொல்லும் சேர்ந்து ரத்தாகும். மாற்றிய அன்றே மறுபடி அனுமதி கொடுத்துவிடுங்கள். ஆறு மாதம் தொடாமல் விட்டாலும் புதுப்பிப்பு டோக்கன் செல்லாது. ஊருக்கு, திருநெல்வேலிக்கோ பாலக்காட்டுக்கோ, நீண்ட நாள் போகிறவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

இன்னொரு வகை அறுபடலுக்கும் டோக்கனுக்கும் சம்பந்தமே இல்லை. கைபேசி ஹாட்ஸ்பாட் வழியாக இணைபவர்களுக்கு, சில நிமிடம் எதுவும் போகாமல் வராமல் இருந்தால் செல்பேசி நிறுவனம் அந்தத் தொடர்பை ஓசைப்படாமல் கைவிட்டுவிடும். நிரலோ இணைந்திருப்பதாகவே நினைத்துக்கொண்டு திரையை உறைய வைக்கும். ஐமேப் விதிப்படி சர்வர் குறைந்தது 30 நிமிடம் பொறுக்க வேண்டும், ஆனால் நடுவழியில் இருப்பவர்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது. மட்டில் தொடர்பை உயிரோடு வைக்கும் இடைவெளி 300 நொடி என்று இருக்கும். ஹாட்ஸ்பாட்டில் அதை 60 ஆக்கிப் பாருங்கள். அல்பைனில் புதிய அஞ்சல் பார்க்கும் இடைவெளியைக் குறையுங்கள்.

தமிழைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பைன் காலத்தில் தமிழ் அஞ்சலை ஆங்கில எழுத்தில்தான் எழுதினோம். 1990-களின் பிற்பாதியில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலும் திஸ்கி குறியாக்கமும் பரவிய பிறகுதான் தமிழ் எழுத்திலேயே எழுதலானோம். அல்பைன், மட் இரண்டும் யூனிகோடைச் சரியாகவே கையாளுகின்றன. கொம்பு தனியே விலகி நிற்பதும், புள்ளி இடம் மாறுவதும் டெர்மினலின் குறை. எக்ஸ்டெர்மை விட்டு கே.டி.ஈ.யின் கான்சோலில் திறந்து பாருங்கள், படிக்க எவ்வளவோ பரவாயில்லை.

தாராவிக்காரர்களுக்கு இந்த அஞ்சல் வேலை பொழுதுபோக்கல்ல என்பதால் இதைத் தனியே சொல்கிறேன். 2024-இல் தொடங்கிய மறுசீரமைப்புக் கணக்கெடுப்பில், தாராவியிலேயே இலவச வீட்டுக்குத் தகுதி பெறத் தரைத்தளத்தில் 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே இருந்ததற்கான சான்று கேட்டார்கள். பழைய மின்கட்டண ரசீது, ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல் நகல் ஆகியவற்றைப் படம் எடுத்து அப்பா பெயரில் இருக்கும் ஜிமெயிலுக்கு அனுப்பிப் பத்திரப்படுத்திய குடும்பங்கள் பல. அந்தக் கணக்கு என்றைக்காவது திறக்க முடியாமல் போனால் என்ன செய்வது? ஐசிங்க் என்ற நிரல் ஐமேப் வழியாக முழு அஞ்சல் பெட்டியின் நகலையும் உங்கள் கணினியில் இறக்கி வைக்கும். கூகுள் ஒரு நாளைக்கு 2,500 எம்.பி. வரை இறக்க விடும், பெரிய பெட்டியானால் சில நாள் ஆகும். அந்த நகலைப் பூட்டி ஒரு பென் டிரைவில் வைத்து, வேறு வீட்டில், நம்பகமான உறவினரிடம் கொடுத்து வையுங்கள். உள்நுழைவு அறாமல் இருக்க வேண்டும் என்று நான் இத்தனை வற்புறுத்துவதில் பாதி இதற்காகத்தான். ஒவ்வொரு இரவும் அந்த நகல் தானாகப் புதுப்பிக்கப்பட வேண்டுமானால், டோக்கன் உயிரோடு இருக்க வேண்டும்.

மாட்டுங்கா, செம்பூர்ப் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். யூனிக்ஸ் உங்களுக்குக் கைப்பழக்கம். சயான் தாண்டினால் தாராவி. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்குக் கோப்பு அனுமதி, ஜிபிஜி, குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் கிரான் மூன்றையும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் போதும். கிளவுட் பக்கத்தில் எங்கே எதைச் சொடுக்க வேண்டும் என்பதை அவர்கள் உங்களுக்குக் காட்டித் தருவார்கள். வரும்போது அப்பாவின் கைபேசியையும் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். சரிபார்ப்பு எண் அதற்குத்தான் வரும், அது இல்லாமல் முதல் படியே நகராது.

அன்புடன்,
செம்பூரிலிருந்து உங்களில் ஒருத்தி